வேணும்னே பண்றானா, முடியாமல் பண்றானா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். வடசென்னை கொருக்குப்பேட்டையில் இருக்கிறீர்கள். பையனுக்கு ஆறு வயது முடிந்து சில மாதம் ஆகிறது. ஒன்றே முக்கால் வயதில் நடந்தான், மூன்றரை வயதில்தான் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசினான். இப்போது ஒன்றாம் வகுப்பு. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, ஏடிஹெச்டி (கவனக் குறைவும் அளவு மீறிய துறுதுறுப்பும்), கூடவே வளர்ச்சித் தாமதம் என்று சீட்டில் எழுதி, மாத்திரை ஆரம்பிப்பதா என்று யோசித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். ‘உட்காரவே மாட்டேங்கிறான், வேற ஸ்கூல் பாருங்க’ என்கிறது பள்ளி. வீட்டுக்காரர் ஹார்பரில் டிரெய்லர் ஓட்டுகிறார்; வீட்டில் இருக்கும் நேரத்தில் பையன் அடம் பிடித்தால் கை ஓங்குகிறார். ‘அவங்கப்பனும் நாலு வயசுலதான் பேசினான், இதுக்கெல்லாமா ஆஸ்பத்திரி’ என்பது மாமியார் கட்சி. மாத்திரை கொடுக்கலாமா, எந்தத் தெரபி, சொந்த மாமா பையனைக் கட்டியதால் வந்ததா, சரியாகிவிடுமா என்று நான்கு கேட்டிருக்கிறீர்கள்.

ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ‘வேணும்னே பண்றானா, இல்ல அவனால முடியலையான்னு தெரிஞ்சா நான் பொறுத்துப்பேன்.’ உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மற்ற நான்கையும் விட அதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்லப் போகிறேன். நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது கை வேலை, அன்றாட வேலைகளைப் பிள்ளைகளுக்குப் பழக்குகிறவள்/பழக்குகிறவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கத்துக் குழந்தைகளோடுதான் பல வருடமாக வேலை. உங்கள் பையனை நான் பார்த்ததில்லை. மருத்துவரும் இல்லை, மாத்திரையின் அளவு பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

சீட்டில் இரண்டு பெயரும் ஒன்றாக வந்திருப்பதில் தொடங்குவோம். ஏடிஹெச்டி என்று முடிவு செய்ய மருத்துவர்கள் பார்ப்பது, கவனமும் அடக்கமும் குழந்தையின் வளர்ச்சி நிலைக்குப் பொருந்தாத அளவுக்குக் குறைந்திருக்கிறதா, அது ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கிறதா, வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களில் தெரிகிறதா என்பதை. இதில் ‘வளர்ச்சி நிலைக்கு’ என்பது உங்கள் பையன் விஷயத்தில் மிக முக்கியம். அவனுடைய பேச்சும் புரிதலும் நாலு வயதுக் குழந்தையின் அளவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாலு வயதுக் குழந்தை எதுவும் நாற்பது நிமிடம் பெஞ்சில் உட்காராது. அவனை ஆறு வயதுப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் கொண்டுபோய் வைத்தால், ஏடிஹெச்டி இல்லாவிட்டாலும் இருப்பது போலத்தான் தெரியும். அதற்காக உங்கள் டாக்டர் தவறாக எழுதிவிட்டார் என்று நான் சொல்லவில்லை. இரண்டும் சேர்ந்து வருவது சகஜம். ‘இவனோட வளர்ச்சி வயசுக்கு வச்சுப் பார்த்தாலும் இது அதிகம்தானா’ என்று அடுத்த முறை ஒரு வார்த்தை கேளுங்கள். எந்தப் பரிசோதனை செய்தார்கள், பேச்சு எத்தனை வயது அளவில், கை வேலை எத்தனை வயது அளவில் என்று அறிக்கையாகக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் நீங்கள் வைத்துப் பழக வேண்டிய வயது அதுதான், ஆதார் கார்டில் இருக்கும் வயது அல்ல.

ஏடிஹெச்டி மட்டும் உள்ள பிள்ளைகளிடம்கூட மூளை முதிர்ச்சி பின்தங்கித்தான் வருகிறது. 2007-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஸ்கேன் ஆய்வில், மூளையின் மேலுறையில் பாதி இடங்கள் தம் முழுத் தடிமனை எட்டிய வயது, நடுமதிப்பாக, மற்றப் பிள்ளைகளுக்கு ஏழரை, ஏடிஹெச்டி பிள்ளைகளுக்குப் பத்தரை. இது ஒரு கூட்டத்தின் கணக்கு. தனி ஒரு பிள்ளையை ஸ்கேன் எடுத்து ஏடிஹெச்டி இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாது. அதற்காகவே எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால் எதற்கு என்று கேளுங்கள். வலிப்பு, தலை அளவில் மாற்றம் போன்ற வேறு காரணம் இருந்தால் எடுப்பார்கள், அது வேறு.

ஸ்கேனை விட அவசியமான சில சோதனைகள் பல நேரம் விட்டுப்போகின்றன. முதலில் காது. பேச்சு தாமதமான ஒவ்வொரு குழந்தைக்கும் காது சோதனை செய்தே ஆக வேண்டும், ‘கூப்பிட்டா திரும்புறானே’ என்பது சோதனை ஆகாது. அப்புறம் கண். ராத்திரி குறட்டை விடுகிறானா, வாயைத் திறந்து தூங்குகிறானா என்று கவனியுங்கள். மூக்கின் பின்னால் அடினாய்டு என்கிற சதை வீங்கி, தூக்கம் கெட்டு, பகலில் துறுதுறுவென்று ஆகிற பிள்ளைகள் உண்டு. பெரியவர்களுக்குத் தூக்கம் போதாவிட்டால் தூங்கி வழிவோம், சின்னப் பிள்ளைகள் பலர் தலைகீழாக ஆட்டம் போடுவார்கள். ரத்தத்தில் இரும்புச்சத்து, தைராய்டு. கொஞ்ச நேரம் கண் நிலைகுத்தி நின்று, பிறகு எதுவும் நடக்காதது போல இருக்கிறான் என்றால் அதையும் சொல்லுங்கள், அது ஒரு வகை வலிப்பாக இருக்கலாம்.

சரி, இப்போது உங்கள் வரிக்கு வருகிறேன். ‘டேய், டிவிய ஆஃப் பண்ணிட்டு, கை கழுவிட்டு, தட்ட எடுத்துட்டு வந்து உக்காருடா.’ எல்லா வீட்டிலும் ராத்திரி எட்டு மணிக்குக் கேட்கிற வாக்கியம். அதில் ஐந்து வேலை இருக்கிறது. உங்கள் பையன் குழாயடிக்குப் போய்த் தண்ணீரில் விளையாட ஆரம்பிக்கிறான். நீங்கள் கத்துகிறீர்கள். அவன் கணக்கில், நீங்கள் சொன்னதைத்தான் செய்தான். அந்த ஐந்தில் ஒன்று மட்டும் கையில் தங்கியது, தண்ணீரைப் பார்த்ததும் அதுவும் போய்விட்டது. சின்னச் சொம்பில் குடத்தைக் கவிழ்த்தால் சொம்பைத் திட்டி என்ன செய்வது?

‘சொன்னா கேக்க மாட்டேங்கிறான்’ என்பதற்குள் நான்கு வேறு வேறு விஷயம் ஒளிந்திருக்கலாம்: காதில் விழவில்லை, விழுந்தது புரியவில்லை, புரிந்தது தங்கவில்லை, தங்கியதைக் கையால் செய்ய முடியவில்லை. நான்குக்கும் வைத்தியம் வேறு. வீட்டிலேயே கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். அவன் சாப்பிட்டு, தூங்கி, நல்ல மனநிலையில் இருக்கும்போது எதிரில் உட்கார்ந்து, ‘செருப்பு எடுத்துட்டு வா’ என்று மட்டும் சொல்லுங்கள். கையைக் காட்டக் கூடாது. முக்கியமாக, செருப்பு இருக்கும் பக்கம் உங்கள் கண் போகக் கூடாது. அம்மாக்களுக்கு இது மிகவும் கஷ்டம், தெரியாமலே பார்த்துவிடுவோம், பிள்ளைகள் நம் கண்ணைப் படித்துத்தான் பாதி வேலை செய்கிறார்கள். அவன் பந்தை எடுத்து வந்தால், அல்லது உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றால், புரிதலில் தாமதம் இருக்கலாம். சரியாக எடுத்து வந்தால், இன்னொரு நேரத்தில் ‘செருப்ப வச்சிட்டு, பந்து எடுத்துட்டு வா’ என்று இரண்டாகச் சொல்லிப் பாருங்கள். செருப்பை வைத்துவிட்டு அங்கேயே வேறு எதிலோ இறங்கிவிட்டால், புரிந்தது, தங்கவில்லை. அதைத்தான் கவனக் குறைவு என்கிறோம். முறையான பரிசோதனைக்கு இது ஈடாகாது. ஆனால் அவனிடம் எத்தனை வார்த்தையில் பேச வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

பெரும்பாலும் பதில் ஒரு நேரத்தில் ஒரு வேலை என்றுதான் வரும். சமையலறையிலிருந்து கத்தாமல், கிட்டே போய், தோளைத் தொட்டு, அவன் முகம் உங்கள் பக்கம் திரும்பிய பிறகு, ‘தட்டு எடு.’ அவ்வளவுதான். எடுத்தானா, ‘தட்டு எடுத்துட்டியே, சூப்பர்!’ அப்புறம் அடுத்தது. ‘ஓடாதே’ என்பதை விட ‘மெதுவா நட’ இவர்களுக்குச் சீக்கிரம் ஏறும். என்ன செய்யக் கூடாது என்று சொன்னால், என்ன செய்ய வேண்டும் என்பதை அவனே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. நாள் முழுக்க இப்படிப் பேச யாராலும் முடியாது என்று எனக்கும் தெரியும். தினமும் சண்டை வருகிற இரண்டு நேரத்தில் மட்டும் பேசுங்கள், மற்ற நேரம் எப்படியோ போகட்டும்.

இங்கே எல்லா அம்மாக்களும் ஒன்று கேட்பார்கள்: ‘போன்ல ஒரு மணி நேரம் அசையாம உக்காருறானே, அப்ப முடியுதுதானே?’ போனில் ஒவ்வொரு விநாடியும் ஏதாவது வெடிக்கிறது, மின்னுகிறது, பரிசு விழுகிறது. ஏடிஹெச்டி என்றால் கவனமே இல்லை என்று அர்த்தமில்லை. சுவாரசியம் இல்லாத இடத்தில் கவனத்தைத் தானாக நிறுத்தி வைக்க முடியவில்லை என்று அர்த்தம். அதனால் போனில் உட்காருவது, பள்ளியில் வேணும்னே உட்கார மறுக்கிறான் என்பதற்குச் சாட்சி ஆகாது. போன் பார்ப்பதால் ஏடிஹெச்டி வந்துவிடும் என்பதற்கும் உறுதியான ஆதாரம் இல்லை. ஆனால் பேச்சு தாமதமான பிள்ளைக்கு, யாரோடாவது பேசியிருக்கக்கூடிய நேரத்தைப் போன் தின்றுவிடுகிறது, தூக்கத்தையும் கெடுக்கிறது. சாப்பாட்டு நேரம், படுக்கும் முன் ஒரு மணி நேரம் இரண்டிலும் நிறுத்தினாலே போதும். ஒரேயடியாகப் பிடுங்கினால் வீடு ரணகளமாகும்.

நான்காவது விஷயம், கையால் முடியாதது. எழுதச் சொன்னால் பென்சிலை வீசுகிறான், நோட்டைக் கிழிக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். என் துறை இதுதான் என்பதால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்: வளர்ச்சித் தாமதம் உள்ள பிள்ளைகளில் பலருக்கு விரல் தசை இன்னும் எழுத்துக்குத் தயாராகவில்லை. அரைப் பக்கத்தில் கை வலிக்கும். ‘வலிக்குது’ என்று சொல்லத் தெரியாத பிள்ளை வீசத்தான் செய்யும். விலை உயர்ந்த பொருள் எதுவும் வேண்டாம். சப்பாத்தி மாவு பிசையச் சொல்லுங்கள், பட்டாணி உரிக்கக் கொடுங்கள், கொடியில் துணி கிளிப் மாட்டச் சொல்லுங்கள், ஸ்பாஞ்சில் தண்ணீர் பிழியட்டும். எழுத முழுப் பென்சில் வேண்டாம், விரல் நீளத்துக்கு ஒடிந்த கிரேயான் கொடுத்தால் பிடிப்பு தானாகச் சரியாக விழும். தரையில் குனிந்து எழுதுவதை விட, சுவரில் காலண்டரைத் திருப்பி ஒட்டி நின்றுகொண்டு எழுதுவது எளிது, மணிக்கட்டு சரியாக நிற்கும், அவனும் உட்கார வேண்டியதில்லை.

காலை நேரம் பற்றி. எட்டேகாலுக்கு ஷேர் ஆட்டோ, ஒரே அறை வீடு, தண்ணீர் வரும் நேரமும் அதுவே என்றால் யாருக்குமே பைத்தியம் பிடிக்கும். ஒன்று செய்து பாருங்கள். அவன் பல் தேய்க்கும்போது, குளிக்கும்போது, சட்டை போடும்போது, இட்லி சாப்பிடும்போது, பையை மாட்டும்போது உங்கள் போனிலேயே படம் எடுத்து, ஜெராக்ஸ் கடையில் கலரில் பிரிண்ட் போட்டு, அவன் கண் உயரத்தில் வரிசையாக ஒட்டுங்கள். யாரோ கார்ட்டூன் பையனின் படம் வேண்டாம், அவனுடைய படமே வேண்டும். ஒவ்வொன்று முடிந்ததும் அந்தப் படத்தை அவனே திருப்பி வைக்கட்டும். நீங்கள் ‘அடுத்தது என்ன?’ என்று மட்டும் கேளுங்கள். வார்த்தை காற்றில் போய்விடும், படம் அங்கேயே இருக்கும். கவனம் நழுவினால் திரும்பி வந்து பார்க்க ஒன்று இருக்கிறது. பட்டன் போடத் தெரியாவிட்டால் கடைசிப் பட்டனை மட்டும் அவனிடம் விடுங்கள், மேலே உள்ளவற்றை நீங்கள் போடுங்கள். வேலையை அவன் கையால் முடித்த திருப்தி கிடைக்கும்.

பரிசு கொடுப்பதில் பெரும்பாலான வீடுகளில் தூரம்தான் பிரச்சினை. ‘வாரம் பூரா சமத்தா இருந்தா ஞாயிற்றுக்கிழமை பீச்சு’ என்பது இவனுக்கு அடுத்த ஜென்மம். செய்த அந்த நிமிடம் கிடைக்க வேண்டும். ஒரு டம்ளரில் பாட்டில் மூடி ஒன்று போடுங்கள். ஐந்து மூடி சேர்ந்ததும் பத்து நிமிடம் சைக்கிள். போட்ட மூடியைக் கோபத்தில் திரும்ப எடுக்காதீர்கள். அடியைப் பொறுத்தவரை இது உறுதி: அடி அந்த நேரத்துக்கு அடக்கும், அடுத்த முறை அதே காரியத்தைத் தடுக்காது, முரட்டுத்தனத்தைக் கூட்டும். செய்ததற்கும் கிடைத்ததற்கும் முடிச்சுப் போடுவதே இந்தப் பிள்ளைகளுக்குக் கடினம்; அப்பா வந்தால் பயம் என்ற முடிச்சு மட்டும் சீக்கிரம் விழுந்துவிடும். ஹார்பர் கேட்டில் ராத்திரி முழுக்க வரிசையில் நின்றுவிட்டு வருகிறவரிடம் இதைப் பாடமாக எடுத்தால் எடுபடாது. அவர் வீட்டில் இருக்கிற நாளில் மூடி போடும் வேலையையும் அந்தச் சைக்கிள் நேரத்தையும் அவரிடமே கொடுங்கள். நான் பார்த்தவரை, அப்பாக்கள் பேச்சைக் கேட்டு மாறியதை விட வேலை கொடுத்ததால் மாறியதுதான் அதிகம்.

அவன் உச்சத்தில் அழுது புரளும்போது எதையும் கற்றுக்கொடுக்க முடியாது. பேச்சைக் குறையுங்கள், கூட்டத்திலிருந்து நகர்த்துங்கள், அடிபடாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள். பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் அவனுடைய புரிதலை நம்பாதீர்கள். கண்டெய்னர் லாரி போகிற சாலை, கைப்பிடிச் சுவர் குட்டையான மொட்டை மாடி இரண்டும் நம் பக்கத்தில் நிஜமான ஆபத்து. கதவுக்கு மேல் தாழ்ப்பாள் போடுங்கள், கழுத்திலோ சட்டையின் உள்பக்கமோ போன் நம்பர் இருக்கட்டும். ஓடி விளையாட ஒரு இடமும் தினமும் வேண்டும், கார்ப்பரேஷன் பார்க்கோ கிரவுண்டோ. கேரம் போர்டு இல்லாத தெரு நம் ஏரியாவில் கிடையாது, அதைப் பயன்படுத்துங்கள். காத்திருக்கிற நேரம் மிகக் குறைவு, விரலுக்கு வேலை, காய் விழுந்தால் உடனே பலன். முறை வந்தால் ஆடு, இல்லாவிட்டால் நில் என்பதைப் பழக்க அதை விடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது. முதலில் நீங்கள் இருவர் மட்டும், நான்கைந்து காயோடு.

மாத்திரை. பொதுவாக முதலில் எழுதுவது மெத்தில்ஃபெனிடேட். ஆறு வயதுக்குக் கீழே முதலில் பெற்றோர் பயிற்சி, ஆறுக்கு மேல் மாத்திரையும் பயிற்சியும் சேர்ந்து என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2019-இல் சொன்ன வழிகாட்டல். உறுதியாகத் தெரிந்தவை: இது தூக்க மாத்திரை இல்லை. டாக்டர் சொன்ன அளவில் எடுத்தால் பிற்காலத்தில் போதைப் பழக்கத்துக்கு இழுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பசி குறையும், தூக்கம் தள்ளிப்போகலாம், வயிற்று வலி, தலைவலி வரலாம், வளர்த்தி கொஞ்சம் மெதுவாகலாம். அதனால் எடை, உயரம், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். காலை டிபனை முடித்த பிறகு மாத்திரை, மாலையில் பசி திரும்பும்போது முட்டை, சுண்டல் என்று தாராளமாகக் கொடுங்கள். பிள்ளை மந்தமாக, சிரிப்பில்லாமல் ஆகிவிட்டால் அதுதான் மருந்தின் வேலை என்று விட்டுவிடாதீர்கள், அளவை மாற்ற வேண்டும் என்று அர்த்தம், டாக்டரிடம் சொல்லுங்கள். சட்டப்படி கட்டுப்பாடு அதிகமான மருந்து என்பதால் எல்லாக் கடையிலும் கிடைக்காது, சீட்டு இல்லாமலும் தரமாட்டார்கள். தீர்வதற்கு முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

உங்கள் பையனுக்கு எவ்வளவு வேலை செய்யும் என்பது மட்டும் முன்கூட்டிச் சொல்ல முடியாதது. அறிவு வளர்ச்சியிலும் தாமதம் உள்ள பிள்ளைகளுக்கு இந்த மருந்து உதவுகிறது, ஆனால் ஏடிஹெச்டி மட்டும் உள்ளவர்களுக்கு உதவும் அளவுக்கு இல்லை, பக்கவிளைவும் சற்று அதிகம். குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவது அதனால்தான். கவனம் கூடும், பேச்சைக் கற்றுக்கொடுக்காது. கற்றுக்கொடுக்கும்போது உட்கார வைக்கும், அவ்வளவே. ஒருவேளை ரிஸ்பெரிடோன் எழுதியிருந்தால் அது வேறு வகை, கோபம், முரட்டுத்தனத்துக்குக் கொடுப்பது. எதற்காக என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தெரபியில் ஒன்றுக்குத்தான் பணமும் நேரமும் இருக்கிறது என்றால், நீங்கள் சொன்ன விவரத்தை வைத்து நான் பேச்சுப் பயிற்சியைத்தான் முதலில் சொல்வேன், என் துறையை அல்ல. பேச முடியாத எரிச்சல்தான் பாதி அடமாக வெளியே வருகிறது. நீங்கள் உள்ளே உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு முக்கால் மணி நேரம் கழித்துப் பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கிற இடத்தில் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது, வீட்டில் தொடராத பயிற்சி நிற்காது. பேச்சுப் பயிற்சியாளர், மருத்துவ உளவியலாளர், சிறப்பாசிரியர் மூவருக்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும், தயங்காமல் கேளுங்கள். என் துறையைச் சேர்ந்த சென்சரி தெரபி என்கிற ஊஞ்சல், பந்து வேலைகள் சில பிள்ளைகளை அமைதிப்படுத்துவதை நான் பார்க்கிறேன். ஆனால் அது ஏடிஹெச்டியைக் குறைக்கும் என்பதற்கு ஆய்வு ஆதாரம் பலவீனம்தான். ஸ்டெம் செல், ஆக்சிஜன் அறை, மூளையைத் தட்டி எழுப்பும் வகுப்பு என்று யாராவது லட்சத்தில் கேட்டால் நகையை அடகு வைக்காதீர்கள். சர்க்கரை சாப்பிட்டால் துள்ளுவான் என்பது சோதித்துப் பார்த்துத் தள்ளப்பட்ட நம்பிக்கை. கலர் சாயம் சேர்த்த தின்பண்டம் சில பிள்ளைகளுக்குக் கொஞ்சம் துறுதுறுப்பைக் கூட்டலாம், விட்டால் நஷ்டமில்லை.

காரணம் பற்றிய உங்கள் பயத்துக்கு வருகிறேன். ஏடிஹெச்டி பெருமளவு பரம்பரையாக வருவது. இரட்டையர் ஆய்வுகள் 70 முதல் 80 சதவீதம் வரை அப்படித்தான் சொல்கின்றன. உங்கள் மாமியார் வைத்தியம் வேண்டாம் என்பதற்காகச் சொன்ன அந்தத் தகவல், உண்மையில் டாக்டருக்கு மிகவும் பயன்படும். அவரையே அழைத்துப் போய் மகன் சின்ன வயதில் எப்படி இருந்தார் என்று சொல்ல வையுங்கள், சொல்வார். சொந்தத்தில் கட்டியதைப் பொறுத்தவரை, எந்தத் தம்பதிக்கும் நூற்றில் இரண்டு மூன்று குழந்தைகளுக்குப் பிறவிக் குறை வரும். அத்தை, மாமன் பிள்ளைகள் கட்டிக்கொண்டால் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். அப்படியும் தொண்ணூறுக்கு மேல் நன்றாகத்தான் பிறக்கின்றன. உங்கள் பையனுக்கு அதனால்தானா என்பதை மரபணுச் சோதனை இல்லாமல் யாரும் சொல்ல முடியாது, சோதனை செய்தாலும் பல நேரம் விடை வராது. இன்னொரு குழந்தைக்கு யோசிக்கிறீர்கள் என்றால் மட்டும் முன்கூட்டியே மரபணு ஆலோசகரைப் பாருங்கள்.

எண்ணூர், மணலித் தொழிற்சாலைக் காற்றா காரணம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நம் பக்கத்தில் எல்லோரும் கேட்பார்கள். ஈயம் குழந்தையின் கவனத்தையும் அறிவையும் பாதிக்கும் என்பது உறுதி. சென்னையிலேயே 3 முதல் 7 வயது வரையான எழுநூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்து 2009-இல் வெளியான ஆய்வில், ரத்தத்தில் ஈயம் அதிகமுள்ள பிள்ளைகளிடம் ஏடிஹெச்டி போன்ற நடத்தையும் அதிகம் என்று கண்டார்கள். அந்த ஆய்வை வைத்து ஒரு தனிப் பிள்ளைக்கு இதுதான் காரணம் என்று விரல் நீட்ட முடியாது. வீட்டிலோ பக்கத்திலோ பழைய பேட்டரி உடைப்பது, பழைய இரும்பு, ஈயப்பற்று வேலை நடந்தால், அல்லது பையன் மண், சுவர்ச் சுண்ணாம்பு தின்றால், ரத்தத்தில் ஈய அளவு பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மண் தின்பது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவோடு வரும், அந்தக் குறைவு ஈயத்தை உடல் இன்னும் இழுத்துக்கொள்ளச் செய்யும். ஒன்றைச் சரி செய்தால் மற்றதும் குறையும்.

சரியாகிவிடுமா? துறுதுறுப்பு வயது ஏற ஏறக் குறையும், கவனப் பிரச்சினை பலருக்குப் பெரியவர்களான பிறகும் ஏதோ ஒரு அளவில் தொடரும். தாமதத்தில் எவ்வளவு எட்டிப்பிடிப்பான் என்பதை, அடுத்த ஒன்றிரண்டு வருடம் பேச்சு எந்த வேகத்தில் வளர்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். இப்போதே ‘ரெண்டு வருஷத்துல நார்மல் ஆக்கிடுறோம்’ என்று சொல்கிறவரிடமும், ‘ஒண்ணும் தேறாது’ என்று சொல்கிறவரிடமும் போகாதீர்கள்.

பள்ளிக்கு. 6 முதல் 14 வயதுப் பிள்ளையை வெளியேற்றுவதும் அடிப்பதும் 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி தவறு. முதல் நாளே சட்டம் பேசாதீர்கள், ஆனால் தெரிந்துகொண்டு போங்கள். டீச்சரிடம் கேட்பதற்குச் சின்னதாக மூன்று விஷயம் போதும்: ஜன்னல், வாசல் பக்கம் இல்லாமல் முன்பெஞ்ச், நடுநடுவே டஸ்டர் எடுத்து வா, நோட்டைக் கொடுத்து வா என்று எழுந்து நடக்க ஒரு சாக்கு, மூன்று பக்கம் எழுத வேண்டிய இடத்தில் அரைப் பக்கம். ‘வீட்ல இங்கிலீஷ்லயே பேசுங்க’ என்று பள்ளியில் சொன்னதாக எழுதியிருந்தீர்கள், அதைக் கேட்காதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. ஆனால் உங்களுக்கே சரளமில்லாத மொழியில் நீங்கள் பேசினால் அவனுக்குக் கிடைக்கிற பேச்சு பாதியாகிவிடும். தமிழ் வழிக்கு மாற்றலாமா என்பதில் எனக்கே ஒரே பதில் கிடையாது. வகுப்பில் பிள்ளைகள் எத்தனை பேர், அந்த டீச்சர் எப்படி என்பதுதான் மீடியத்தை விடப் பெரிய விஷயம். மாநகராட்சி, அரசுப் பள்ளிகளுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்புப் பயிற்றுநர்கள் வருகிறார்கள்; மாற்றுவதற்கு முன் அந்தப் பள்ளிக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார் என்று விசாரியுங்கள்.

இடம், காகிதம் இரண்டும் கடைசியாக. குழந்தைகள் பிரிவு, காது மூக்கு தொண்டை, மனநலம் மூன்றும் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியிலேயே இருக்கின்றன. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் உங்களுக்குத் தூரமில்லை. வளர்ச்சித் தாமதமுள்ள பிள்ளைகளுக்கான ஆரம்பகால இடையீட்டு மையம் எங்கே என்று கேட்டால் வழிகாட்டுவார்கள், அங்கே பயிற்சி இலவசம். முட்டுக்காட்டில் உள்ள, மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்துக்கு ஒரு முறை முழுப் பரிசோதனைக்குப் போகலாம், கொருக்குப்பேட்டையிலிருந்து வாரா வாரம் அவ்வளவு தூரம் கட்டுப்படியாகாது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஏடிஹெச்டி தனியாக இல்லை. அதனால் அந்தப் பெயரை மட்டும் வைத்து அடையாள அட்டை வாங்க முடியாது. வளர்ச்சித் தாமதம் அறிவுத்திறன் குறைபாடு என்று உறுதியானால் வாங்கலாம். ஐந்து வயதைத் தாண்டிவிட்டதால் ஐக்யூ சோதனையும் சமூக முதிர்ச்சிச் சோதனையும் செய்வார்கள். அவன் தூங்கி எழுந்து தெளிவாக இருக்கும் நேரமாகக் கேளுங்கள், கவனம் சிதறினால் மதிப்பெண் உண்மையை விடக் குறைவாக வரும். சான்றிதழ் சின்ன வயதில் தற்காலிகம்தான், பிறகு புதுப்பிக்க வேண்டும், நிலைமை மாறினால் அதுவும் மாறும். சான்றிதழில் குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை, அரசின் மாத உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பு, நிராமயா என்ற மத்திய அரசு மருத்துவக் காப்பீட்டில் வருடம் ஒரு லட்சம் ரூபாய் வரை என்று சில கதவுகள் திறக்கும். நிராமயாவில் தெரபி செலவுக்கும் இடம் உண்டு என்பதால், பேச்சுப் பயிற்சி ரசீதுகளை இப்போதிருந்தே ஒரு கவரில் போட்டு வைக்கப் பழகிக்கொள்ளுங்கள்.